செங்கற்பட்டு நாட்டில் உடற்கல்வி வளர்ந்த வரலாறு

மக்கட்கு வாய்க்கும் செல்வங்களுள் நோயற்ற உடம்பே தலையாயது என்பதனை அறியாதார் இலர். அறிந்தவாறு அதனைப் பேணுவாரோ மிகச் சிலர். பொருள் குறைந்தவிடத்துக் கடன் கொள்கின்றோம். எழுத்தறிவு குறைந்தவிடத்து ஆசிரியரை நாடுகின்றோம். உடல்நலம் குறைந்தவிடத்தோ ஊழின்மேற் பழியைச் சுமத்தி வாளா இருக்கின்றோம். உடம்பைப் பேணுதலும் ஒரு கல்வி, அக்கல்விக்கும் ஆசிரியர் வேண்டும், அவ்வாசிரியர் தாமும் முறையாகப் பயின்றவராதல் வேண்டும் என்னும் கொள்கை நம் தேயத்தில் காலூன்றி ஏறக்குறைய நூறாண்டுகளே ஆகின்றன. அது வேர்விட்டுத் தழைத்த நிலம் நம் செங்கற்பட்டு நாடு. அதனை நட்டு வளர்த்தது கிறிஸ்தவர் நிறுவிய ஒரு கலாசாலை. இவ்விரண்டு செய்திகளையும் நம் செங்குந்த மரபினருட் பலர் அறியார். அறியாமையால் நாம் இழந்தனவும் சில உள. ஆதலின், அவ்வரலாற்றை ஒருவாறு ஈண்டு எடுத்துரைத்து, அதனால் நம் சங்கம் மேற்கொள்ளத்தக்கது யாதென்பதையும் கூற விரும்புகின்றோம்.

மல்லன் பெயர் பூண்ட ஊர்

செங்கற்பட்டு நாட்டின் கடற்கரைக்குப் பெயரும் புகழும் தந்த ஊர் மாமல்லபுரம். அவ்வூரைக் காணச் செல்வோர் கற்கோயில்களையும் கற்றேர்களையும் கண்டு வியப்பர். ஊர்ப்பெயரின் பொருளை எண்ணிப் பார்ப்பார் அரியர். மாமல்லன் என்பது, ஏறத்தாழ 630 முதல் 668 வரை காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் நரசிம்மவர்மன் தாங்கிய விருதுப்பெயர். மற்போரிற் பெருவீரன் என்பது அதன் பொருள். சளுக்கியரது வாதாபியை 642-இல் வென்ற அவ்வரசன் பெயராலேயே அப்பட்டினம் வழங்கலாயிற்று. கல்விக்குப் பேர்போன காஞ்சியை ஆண்ட மன்னன் ஒருவன், தன் உடல்வலியைக் குறிக்கும் பெயரைப் பெருமையாகக் கொண்டான் என்பது நினைக்கத்தக்கது. அறிவும் உடல்வலியும் ஒன்றுக்கொன்று பகையென்று அக்காலத்தார் கருதவில்லை.

நம் முன்னோர் நிலையும் அஃதே. முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்கள் 'தெரிஞ்ச கைக்கோளர்' என்னும் படைப்பிரிவுகளைக் குறிக்கின்றன. ஒட்டக்கூத்தர் பாடியதாக வழங்கும் ஈட்டியெழுபதை நம்மவர் இன்றும் பெருமையோடு எடுத்துக் கூறுவர். ஆண்டுதோறும் கந்தர் சஷ்டியின்போது சூரசங்காரத்தில் நம் வாலிபர் நவவீரர் வேடம் பூண்டு வருதலைக் கண்டு களியாதார் யார்? ஆனால், அவ்வேடத்தினுள்ளே இருக்கும் உடம்பின் நிலை யாது என்று ஒருமுறையேனும் நாம் உசாவியதுண்டோ?

படைத்தொழில் மறைந்து நெசவே வாழ்வான பின்னர், நம்மவர் உடம்பு தறியின் அளவுக்கு வளைந்தது. காலையில் தறிக்குழியில் இறங்குபவன் அந்தியில்தான் ஏறுகின்றான். காலிரண்டும் மிதியின்மேல், கையிரண்டும் நாடாவின்மேல், கண் இழையின்மேல். முதுகு முன்னோக்கிக் கூனுகின்றது, தோள் முன்னே சரிகின்றது, மார்பு ஒடுங்குகின்றது, கழுத்து நிமிர மறக்கின்றது. நாற்பது வயதிற் கண் மங்குகின்றது. ஐம்பதில் முழங்கால் மடங்க மறுக்கின்றது. நம் பெண்டிரும் இராட்டையின் முன் ஓரிடத்தே குந்தித் தார் சுற்றியே இடுப்பு வலியைச் சேர்த்துக்கொள்கின்றனர். உழைப்பே உடற்பயிற்சி என்று நம்மவர் சொல்வதுண்டு. அஃது உண்மையாயின் நம்மினும் உறுதியான உடம்புடையார் உலகில் இருத்தலாகாது. ஓருறுப்பை ஓயாது வருத்தி, ஏனை உறுப்புக்களை வாளா வைத்திருக்கும் உழைப்பு உடம்பைத் தேய்க்குமேயன்றி வளர்க்காது. இவ்வேறுபாட்டை விளக்குவதே உடற்கல்வியின் முதற்பாடம்.

தாலிம்கானாவும் டிரில் வாத்தியாரும்

இக்கல்வி தோன்றுமுன் நம் நாட்டில் உடற்பயிற்சியே இல்லையோ எனின், இருந்தது. தண்டால், பஸ்கி, கரளாக்கட்டை, சிலம்பம், மல்யுத்தம் என்பன ஊர்தோறும் பயிலப்பட்டன. தாலிம்கானா என்றும் கோதா என்றும் பெயர் பெற்ற பயிற்சிக்கூடங்கள் பல பட்டினங்களில் இருந்தன. சடுகுடுவும் கிளித்தட்டும் ஆடாத தெருவில்லை. ஆயினும், அக்கலைகள் ஆசான் ஒருவரது நெஞ்சினுள்ளும் சீடர் சிலரது கையினுள்ளும் அடங்கிக் கிடந்தன. ஆசான் மறைந்தால் அடவும் உடன் மறைந்தது. ஒரு தெருவார் கூடத்தில் மற்றொரு தெருவார்க்கு இடமில்லை. ஒரு வகுப்பார் கற்ற வரிசையை மற்றொரு வகுப்பார் காண்டலும் குற்றமாக எண்ணப்பட்டது. மெலிந்தவனைச் சேர்த்து வலியனாக்கும் முயற்சியும் பெரும்பாலும் இல்லை. வலியன் மேலும் வலியனாகவே அங்குச் சென்றான்.

மேனாட்டிலோ வேறொரு முறை தோன்றியது. ஜெர்மனியில் யான் என்பார் 1811-இல் பெர்லின் நகர்ப்புறத்தே திறந்தவெளிப் பயிற்சிக்களம் அமைத்தார். சுவீடனில் லிங் என்பார் 1813-இல் ஸ்டாக்ஹோம் நகரில் உடற்பயிற்சிக்கென ஒரு கழகம் நிறுவி, உடற்கூற்று நூலின் துணைகொண்டு பயிற்சிகளை வகுத்தார். எந்த அசைவு எந்தத் தசைக்கு, எந்தப் பயிற்சி எந்தக் குறைக்கு என்று காரணங்காட்டிக் கூறும் வழக்கம் இவ்வாறு பரவலாயிற்று.

இவற்றின் சாரம் நம் பள்ளிகட்கு வந்து சேரவில்லை, சக்கையே வந்தது. பட்டாளத்தினின்று ஓய்வு பெற்ற ஒருவரை அமர்த்தி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, இடம் வலம் என்று கூவச் செய்வதே டிரில் எனப்பட்டது. சென்னையில் 1856-இல் ஆசிரியர்ப் பயிற்சிப்பள்ளி தோன்றிப் பின்னர்ச் சைதாப்பேட்டைக்கு மாறிய காலத்தும், தமிழும் கணக்கும் கற்பிப்பார்க்குக் கிட்டிய மதிப்பு டிரில் வாத்தியாருக்குக் கிட்டவில்லை. பிள்ளைகள் அவரை அஞ்சினர். ஏனை ஆசிரியர் அவரை எள்ளினர். பெற்றோர் அவரை அறியவேயில்லை. உடம்பைக் கற்பிப்பவன் படியாதவன் என்னும் எண்ணம் அக்காலத்தில் வேரூன்றியது. அதன் மிச்சம் இன்றும் நம் வீடுகளில் உண்டு.

ஆடைக் கடையிற் பிறந்த சங்கம்

இவ்வெண்ணத்தை மாற்ற வந்த கலாசாலையின் பிறப்பை அறிய, நாம் சிறிது இலண்டன் நகர்க்குச் செல்லல் வேண்டும். அந்நகரில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்னும் இளைஞர் துணிக்கடை ஒன்றிற் சிப்பந்தியாக இருந்தார். கடைச் சிப்பந்திகள் நாள் முழுதும் நின்று உழைத்து, இரவில் நெருக்கமான அறைகளில் உறங்கி, ஓய்ந்த பொழுதைத் தீய வழியிற் கழிப்பதைக் கண்டு மனம் நொந்த அவர், தம்மையொத்த வாலிபர் சிலரோடு கூடி 1844-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஒரு சங்கம் அமைத்தார். அதுவே ஒய். எம். சி. ஏ. என்று யாவரும் வழங்கும் கிறிஸ்தவ வாலிபர் சங்கம். நெய்து வாழும் நாம், அச்சங்கம் துணி விற்பார் கூட்டத்திற் பிறந்தது என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

அச்சங்கம் அமெரிக்காவிற் பரவியபோது, வேதபாடத்தோடு உடற்பயிற்சியும் அதன் பணியாயிற்று. மாசசூசெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் அவர்கள் நிறுவிய பயிற்சிப்பள்ளியில் லூதர் குலிக் என்பார், ஆன்மா, மனம், உடல் என்னும் மூன்றும் ஒரு முக்கோணத்தின் பக்கங்களாம், ஒன்று குறையின் உருவே சிதையும் என்று போதித்தார். அவர்கீழ்ப் பணியாற்றிய ஜேம்ஸ் நைஸ்மித், பனிக்காலத்தில் மாணவர் வெளியிற் சென்று ஆடவியலாமை கண்டு, 1891-இல் பழக்கூடைகளைச் சுவரிற் கட்டிக் கூடைப்பந்தாட்டத்தைக் கண்டுபிடித்தார். 1895-இல் வில்லியம் மார்கன் என்பார் அருகிலுள்ள ஹோலியோக் நகரில் கைப்பந்தாட்டத்தை வகுத்தார். இன்று நம் கிராமத்துக் களத்துமேட்டிலும் வலை கட்டி ஆடப்படும் கைப்பந்து இவ்வழி வந்ததேயாம்.

சென்னையில் அச்சங்கம் 1890-இல் டேவிட் மக்கானகி என்பவரால் தொடங்கப்பட்டது. எஸ்பிளனேடு வீதியில் அதற்கெனப் பெரிய கட்டடம் எழுதற்குப் பொருளுதவியவர் ஜான் வானமேக்கர். இவர் பிலடெல்பியா நகரில் ஆடை வியாபாரத்தாற் பெரும்பொருள் ஈட்டியவர். இவ்வாறு இச்சங்கத்தின் வரலாற்றில் துணியின் இழை இரண்டாம் முறையும் ஓடக் காண்கின்றோம்.

பக் துரையவர்கள்

அச்சங்கத்தின் உடற்பயிற்சித் துறைக்கென 1919-இல் இந்தியா வந்தவர் ஹாரி குரோ பக் என்பவர். 1884-இல் பென்சில்வேனியா மாகாணத்திற் பிறந்த இவர், ஸ்பிரிங்பீல்டிற் பயின்றவர். வந்தவர் சில நாட்களிலேயே உண்மையை உணர்ந்தார். பல கோடி மக்கள் வாழும் தேயத்தில் அயல்நாட்டார் சிலர் ஆங்காங்கே பயிற்சி நடத்துவதாற் பயனில்லை. இந்நாட்டாருள்ளேயே ஆசிரியர்களை உண்டாக்குதல் வேண்டும் என்பதே அவ்வுண்மை. ஆகவே, 1920-இல் எஸ்பிளனேடு கட்டடத்திலேயே உடற்பயிற்சி ஆசிரியர்க்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். முதலிற் சேர்ந்த மாணாக்கர் ஐவரே. ஐவரோடு தொடங்கிய அப்பள்ளியே இந்தியாவில் உடற்கல்விக்கெனத் தோன்றிய முதற் கலாசாலையாக வளர்ந்தது. ஆசியாவிலேயே முதலாவது என்று கூறுவாரும் உளர்.

ஆங்குக் கற்பிக்கப்பட்டவை யாவை? உடற்கூறு, உடலியங்கு முறை, சுகாதாரம், முதலுதவி, உளநூல், கற்பிக்கும் முறை, ஆட்டவிதிகள், ஓட்டக்களம் அளந்து கோடிடும் கணக்கு, போட்டிகளை ஒழுங்காக நடத்தும் முறை என இவையெல்லாம் பாடங்களாயின. காலையிற் களத்தில் வியர்வை சிந்தியவர் பகலில் ஏடெடுத்துப் படித்தனர். மாலையில் அண்டைப் பள்ளிப்பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்துப் பழகினர். இவ்வாறு டிரில் வாத்தியார் ஆசிரியரானார். அவர்க்கும் சான்றிதழ், அவர்க்கும் தேர்வு, அவர்க்கும் நூல் என்றாயிற்று. பக் துரையவர்கள் விளையாட்டுக்களின் விதிகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார்; 'வியாயாம்' என்னும் பெயரால் ஒரு பத்திரிகையும் நடத்தினார். அப்பத்திரிகைக்கு அவர் தம் நாட்டுச் சொல்லை இடாது நம் நாட்டுச் சொல்லை இட்டமை அவர்தம் மனப்பான்மையைக் காட்டும். தண்டாலும் சடுகுடுவும் மேனாட்டுப் பயிற்சிகளோடு ஒருங்கே கற்பிக்கப்படும் வழக்கம் இத்தகைய கலாசாலைகளாலேயே நிலைபெற்றது.

1924-இல் பாரிஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தபோது, இந்திய வீரர் குழுவை நடத்திச் சென்றவரும் இவரே. அக்குழுவில் தடை ஓட்டம் ஓடிய சி. கே. லட்சுமணன் என்பார் கண்ணூரைச் சேர்ந்த வைத்தியர். பின்னாளில் பொதுச் சுகாதாரத் துறையில் உயர்ந்த பதவிகள் வகித்தவர். விளையாட்டும் சுகாதாரமும் ஒரு மரத்தின் இரு கிளைகள் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தபோது தோராப்ஜி தாதா தலைவராகவும், ஒய். எம். சி. ஏ.வைச் சேர்ந்த நோரன் செயலாளராகவும் அமர்ந்தனர். பக் துரையவர்கள் 1943-இல் காலஞ்சென்றார். இருபத்துமூன்று ஆண்டுகள் அவர் ஒரே பணியில் நின்றார். அவர் ஆக்கிய ஆசிரியர்கள் இந்தியாவின் பல மாகாணங்களிலும் பரவினர்.

சைதாப்பேட்டை மைதானம்

1930-ஐ அடுத்த ஆண்டுகளில் இக்கலாசாலை சைதாப்பேட்டையை அடுத்து அடையாற்றங்கரையிலுள்ள பரந்த நிலத்தில் நிலைபெற்றது. இன்று அவ்விடத்தை நந்தனம் என்பர். சென்னை மாநகரத்துள் அடங்கிவிட்ட சைதாப்பேட்டை, அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவின் தலைமை இடமாகும். 1859 முதல் ஏறக்குறைய நூறாண்டுக்காலம் ஜில்லா கலெக்டரின் கச்சேரி அங்கேயே பெரும்பாலும் இருந்தது. 1968-இற்றான் அது காஞ்சிபுரத்துக்கு மாறியது. காஞ்சியிலும் மதுராந்தகத்திலும் உள்ள நம்மவர் நிலவழக்குக்கும் வரிக்கும் சைதாப்பேட்டைக்கே நடந்தனர். வழக்கு மன்றத்துக்குப் போந்த கால்கள் அண்மையிலிருந்த அவ்விளையாட்டு மைதானத்தை எட்டிப் பார்த்திருக்குமாயின், நம் மரபிற்கு எத்துணை நலம் விளைந்திருக்கும்!

எட்டிப் பாராமைக்குக் காரணம் இரண்டு. முதலாவது, கிறிஸ்தவர் கலாசாலை என்னும் அச்சம். அச்சங்கத்தார் தம் சமயத்தைப் போற்றியவரே; அதனை மறைத்தவருமல்லர். ஆயினும், அங்குப் பயில வருவார் கிறிஸ்தவராதல் வேண்டும் என்னும் நியதி இல்லை. இந்துக்களும் முகம்மதியரும் கிறிஸ்தவரும் ஒருங்கு பயின்று தத்தம் ஊர் சென்று ஆசிரியராயினர். மூச்சுப் பயிற்சிக்கும் முதலுதவிக்கும் சமயம் ஏது? நெற்றியில் திருநீற்றோடு களத்தில் இறங்கியவன் வியர்வையால் அதனை இழந்திருக்கலாம், வேறெதனாலும் இழக்கவில்லை.

இரண்டாவது காரணம் வெளிப்படக் கூறப்படாதது, ஆனால் வலியது. அம்மைதானத்தில் யாவரும் யாவரோடும் ஆடினர். கைப்பந்தில் இப்பக்கத்து ஆறுபேரும் ஒருவர்க்கொருவர் பந்தைத் தொட்டுக் கொடுத்தாலன்றி ஆட்டம் நடவாது. மல்யுத்தத்தில் தீண்டாது நிற்றல் இயலாது. கீழே விழுந்தவனைத் தூக்குங்கால் குலம் உசாவ நேரமில்லை. இவ்வாறு ஆட்டத்தின் விதியே சாதி வேற்றுமையைப் பொருளற்றதாக்கியது. அஞ்சியவர்கள் உண்மையில் அஞ்சியது இதனையே என்று எண்ணுகின்றோம்.

இஃது அக்கலாசாலைக்கு மட்டும் உரிய செய்தியன்று. சென்னைக் கிறிஸ்தவ கலாசாலையின் தோற்றத்திலேயே இப்போராட்டம் உண்டு. ஸ்காட்லாந்து தேயத்து ஜான் ஆண்டர்சன் 1837-இல் நடத்தத் தொடங்கிய பள்ளியில், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் சிலர் சேர்ந்தனர் என்று அறிந்த உயர்குலத்தார் கிளர்ச்சி செய்தனர். அப்பிள்ளைகளை நீக்காவிடின் தம் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்றனர். ஆண்டர்சன் நீக்க மறுத்தார். பலர் வெளியேறினர், பள்ளி சுருங்கியது, ஆயினும் அழியவில்லை. வெளியேறியவர்தம் மக்களும் பின்னர் அதன் வாயிலிற் காத்துநின்று இடம் பெற்றனர். காஞ்சிபுரத்தில் அப்பெரியார் பெயர் தாங்கிய பள்ளியில் நம்மவர் பிள்ளைகள் பலர் படித்துள்ளமையை அன்பர்கள் அறிவர்.

தாம்பரமும் மேலக்கோட்டையூரும்

நிற்க. இக்கல்வி நகரினின்றும் தெற்கு நோக்கி நடந்த நடையை ஒருமுறை காண்போம். சென்னைக் கிறிஸ்தவ கலாசாலை, எஸ்பிளனேட்டின் நெருக்கத்தை விட்டு 1937-இல் தாம்பரத்துக் காட்டு நிலத்துக்குப் பெயர்ந்தது. முள்ளும் புதருமாக இருந்த அந்நிலம், எட்வர்டு பார்ன்ஸ் என்னும் பேராசிரியரின் முயற்சியால் சோலையாயிற்று. மாணவர் விடுதிகளும் விளையாட்டு மைதானங்களும் வகுப்பறைகளோடு ஒருங்கமைந்தன. இன்று அக்கலாசாலையில் உடற்கல்வி, நலக்கல்வி, விளையாட்டு என்னும் மூன்றையும் இணைத்த இளநிலை அறிவியற் பட்டப்படிப்பு ஒன்று நடைபெறுகின்றது. வேதியியலும் விலங்கியலும் பெற்ற அறிவியற் பட்டத்தை உடற்கல்வியும் பெற்றுவிட்டது என்பது, டிரில் வாத்தியாரை எள்ளிய காலத்தை நினைப்பார்க்குப் பெருவியப்பேயாம்.

ஏனை நாட்டாரும் வாளா இருக்கவில்லை. அமராவதியில் 1914 முதலே அனுமான் வியாயாம மண்டலி நம் நாட்டுப் பயிற்சிகளைப் போற்றி வந்தது. பம்பாயை அடுத்த காந்திவலியில் 1938-இலும், குவாலியரில் 1957-இலும் அரசாங்கத்தார் உடற்கல்விக் கலாசாலைகள் நிறுவினர். நம் தமிழ்நாட்டிலோ 2004-இல் சட்டம் இயற்றப்பட்டு, அடுத்த ஆண்டில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் தோன்றியது. அஃது இருக்குமிடம் மேலக்கோட்டையூர். வண்டலூரினின்று கேளம்பாக்கம் செல்லும் வழியில் உள்ளது. பக் துரையவர்கள் ஐவரோடு தொடங்கிய கலாசாலையும் இன்று அப்பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கேளம்பாக்கத்துக்கு அப்பால் கோவளம். கோவளத்துக்குத் தெற்கே மாமல்லபுரம். எஸ்பிளனேட்டிற் பிறந்து, சைதாப்பேட்டையில் வளர்ந்து, தாம்பரத்திற் கிளைத்து, மேலக்கோட்டையூரில் பல்கலைக்கழகமான இக்கல்வி, மல்லன் பெயர் பூண்ட கடற்கரையை நோக்கியே நடந்து வந்திருக்கின்றது. 2022-இல் உலக நாடுகளின் சதுரங்க வீரர்கள் ஒலிம்பியாடுக்கென மாமல்லபுரத்துப் பூஞ்சேரியிற் கூடியதையும் நாம் கண்டோம். 2019-இற் செங்கற்பட்டு மீண்டும் தனி மாவட்டமானபோது, தாம்பரமும் மேலக்கோட்டையூரும் மாமல்லபுரமும் அதனுள் அமைந்தன.

பெண்மக்கள் செய்தியையும் கூறாது விடலாகாது. சைதாப்பேட்டைக் கலாசாலை 1940-ஆம் ஆண்டளவில் பெண்டிரையும் மாணவியராகச் சேர்க்கத் தொடங்கியது. பெண் ஓடுவதும் குதிப்பதும் நாணமின்மை என்று எண்ணப்பட்ட காலம் அது. பெண்பள்ளிகளில் உடற்பயிற்சி கற்பிக்கப் பெண்களே வேண்டும் என்பதை உணர்ந்து கதவைத் திறந்தனர். நம் குலப்பெண்கள் இன்று பட்டம் பல பெறுகின்றனர்; ஆயினும், இத்துறையிற் புகுந்தாரை விரல்விட்டு எண்ணலாம்.

நம் சங்கம் செய்யத்தக்கது

இவ்வரலாற்றை யாம் எடுத்துரைத்ததற்குக் காரணம் உண்டு. நம் மரபின் வீரப்புகழ் மங்காதிருக்க, நம் குலத்து வாலிபர்க்கே உரிய உடற்பயிற்சிச் சாலை ஒன்றைக் கட்டுதல் வேண்டும் என்று நம்மவருட் சிலர் பல ஆண்டுகளாகக் கூறி வருகின்றனர். அவர்தம் ஆர்வத்தைப் போற்றுகின்றோம். கருத்தை ஏற்க இயலவில்லை. நம் பொருளை நம் பிள்ளைகட்குச் செலவிடுதல் தவறோ என்று அவர்கள் வினவுவர். தவறன்று. ஆனால், பயன் தராது. தெருவுக்கொன்றாய் இருந்த தாலிம்கானாக்கள் எங்கே? ஆசான் மறைந்தபோது அவையும் மறைந்தன. ஐவரோடு தொடங்கிய கலாசாலையோ நூறாண்டு கடந்து நிற்கின்றது. முன்னது தன்னவர்க்கென்று கதவடைத்தது. பின்னது யாவர்க்கும் திறந்தது. முன்னது வீரனை நாடியது. பின்னது ஆசிரியனை ஆக்கியது. கட்டடம் எழுப்புதல் எளிது. அதனுள் நின்று, இப்பிள்ளையின் முதுகு வளைகின்றது, இவனுக்கு இப்பயிற்சி வேண்டும் என்று கண்டு கூறுபவரை ஆக்குதலே அரிது.

ஆகவே, யாம் கூறுவன மூன்று. முதலாவது, கட்டட நிதியின் வட்டியினின்று ஆண்டுதோறும் நம் இளைஞர் ஒருவனும் இளம்பெண் ஒருத்தியும் உடற்கல்வி பயில உதவித்தொகை அளித்தல் வேண்டும். கலாசாலை கிறிஸ்தவருடையதா, அரசாங்கத்தாருடையதா என்று பார்த்தல் வேண்டா. கல்வி நன்றா என்பதொன்றே பார்க்கத்தக்கது. முன்பே ஒரு பட்டம் பெற்றவர்க்கு பி. பி. எட். என்னும் ஆசிரியப் பட்டம் இரண்டாண்டுப் படிப்பு. பள்ளி முடித்தவர்க்கு மூன்றாண்டுப் பட்டப்படிப்பு உண்டு. தறியிற் கஞ்சி குடிக்கும் குடும்பத்தினின்று ஓராசிரியர் தோன்றுவாராயின், அக்குடும்பம் மட்டுமன்று, அத்தெருவே நிமிரும்.

இரண்டாவது, நம் சங்கத்துக்குரிய வெற்றுநிலம் எங்கேனும் இருப்பின், அதனை வேலியின்றி விளையாட்டு மைதானமாக விடுதல் வேண்டும். அதில் ஊர்ப்பிள்ளைகள் யாவரும் ஆடலாம். எதிர்ப்பக்கம் நிற்க ஆளின்றி எப்பந்தாட்டமும் நடவாது. நம் பிள்ளை வலியனாதற்கு அயலான் பிள்ளை எதிரே நின்று ஆடல் வேண்டும். அவன் நம் பகைவனல்லன், நமக்குத் துணைவன். சேரிப்பிள்ளைக்கு அக்களத்தில் இடமில்லை என்று ஒருவர் கூறுவாராயின், ஆண்டர்சன் பள்ளியினின்று வெளியேறியவர் கதையை அவர்க்கு நினைவூட்டுதல் தகும்.

மூன்றாவது, தறியில் அமர்வார் யாவரும் இன்றே தொடங்கத்தக்கது. இதற்குப் பொருட்செலவும் இல்லை. நாழிகை இரண்டு அல்லது மூன்றுக்கு ஒருமுறை குழியினின்று எழுந்து நிற்க. கைகளைத் தலைக்குமேல் உயர்த்தி, மார்பை விரித்து, நெடுமூச்சு ஐந்தாறு வாங்குக. இடுப்பிற் கைவைத்து மெல்லப் பின்சாய்க. தோள்களைப் பின்னோக்கிச் சுழற்றுக. கண்ணை இழையினின்று எடுத்துத் தொலைவிலுள்ள மரத்தையோ கோபுரத்தையோ சிறிதுபொழுது காண்க. மாலையில் ஊர்ப்புறத்தே விரைந்து நடக்க. வலி மிக்கார் மருத்துவரைக் கண்ட பின்னரே பயிற்சி தொடங்குதல் வேண்டும். இவை சிறியனவாகத் தோன்றும். நாள்தோறும் செய்வார்க்கு இவற்றின் பயன் பெரிது.

பெற்றோர்க்கும் ஒரு சொல். தேர்வு நெருங்குங்கால் விளையாட்டு நேரத்தை வேறு பாடத்துக்குத் தருவதை மிகுந்த அக்கறை என்று எண்ணி மகிழற்க. காலையிற் பள்ளி, மாலையில் தனிப்பாடம், இரவிற் கைப்பேசி என்று குனிந்தே வளரும் பிள்ளைக்கும் தறிக்குழியிற் குனிந்த பாட்டனுக்கும் வேறுபாடு என்? பாட்டன் வயிற்றுக்காகக் குனிந்தான். பேரன் நம் அறியாமையாற் குனிகின்றான்.

அன்பர்களே! நவவீரர் வேடம் ஆண்டிற்கு ஒருநாள். உடம்போ வாழ்நாள் முழுதும். கைக்கோளர் என்னும் பெயரைக் கல்வெட்டிற் கண்டு மகிழ்வதோடு அமையாது, அப்பெயர்க்கேற்ற தோளும் நெஞ்சும் நம் மக்கட்கு வாய்க்குமாறு செய்தல் நம் கடன். அதற்குரிய கல்வி நம் மாவட்டத்திலேயே, நம் வாயிலருகே நிற்கின்றது. அதனைக் கொண்டுவந்து தந்தவர் வேற்றுச் சமயத்தார் என்பதனால் நன்றி குறைதல் ஆகாது. யாவர்க்கும் தந்தனர் என்பதனால் நம் பங்கு சிறுத்தலும் இல்லை. வரும் பொதுக்கூட்டத்தில் கட்டட நிதியைப்பற்றிய தீர்மானம் எடுக்கப்படுங்கால், உறுப்பினர் யாவரும் இவற்றை நடுநிலையோடு எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகின்றோம். செவ்வேட் பரமன் திருவருளால் நம் மக்கள் நலமும் வலியும் பெற்று நீடு வாழ்க!